துளையிடாத கடிதங்கள்

எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்றவை எட்டு ஓர்ட்னர்கள். வரவேற்பறை அலுமாரியின் மேல்தட்டில் வரிசையாக நிற்கின்றன. ஜேர்மனியில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தப் பொருளை விளக்கத் தேவையில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: தடித்த மட்டை, முதுகில் விரலை விட்டு இழுக்க ஓர் ஓட்டை, உள்ளே நெம்பினால் திறக்கும் இரட்டை இரும்பு வளைவு. ஊரில் கோவை என்றும் பைல் என்றும் சொன்னவற்றின் பெரியண்ணன். இங்கே பிறந்த பிள்ளைகள் இதற்குத் தமிழ்ச் சொல் இருக்கும் என்றே நினைப்பதில்லை. நாங்களும் ஓர்ட்னர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

போன மாதம் மகள் வந்து நின்றபோது இந்த எட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். "உதெல்லாத்தையும் ஸ்கான் பண்ணிப்போட்டு எறியுங்கோ, அம்மா. அப்பா, நீங்களும் கேளுங்கோ. உது எல்லாம் ஒரு விரல் நீளத் தடியிக்கை அடங்கும்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில், நாங்கள் காணாமற்போய்விட்டன என்று நினைத்திருந்த பழைய புலம்பெயர் சஞ்சிகைகளைத் தேடி எடுத்துக் காட்டியவளும் அவள்தான். ஆனாலும் "எறியுங்கோ எண்டு மட்டும் சொல்லாதை பிள்ளை" என்றோம். அவள் போனபின் எட்டையும் இறக்கி நிலத்தில் பரப்பினோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாரத்தில் வந்தது.

எங்களில் ஒருவர் 1989 ஒக்ரோபரில் வந்தார். மற்றவர் 1992 ஒக்ரோபரில். வந்த வழியை எழுதவேண்டியதில்லை. வாசகர்களில் பாதிப்பேர் அதே வழியால் வந்தவர்கள்தான். டோர்ட்மண்ட் வடக்கு நகரில், புகையிரத நிலையத்துக்குப் பின்பக்கம், நாலு பொடியள் இருந்த ஓர் அறையில் முதலில் வந்தவரின் கடதாசி வாழ்க்கை தொடங்கிற்று. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்ரிக் பை. சாமான் வாங்கிய கடைப் பை. அது கதவுக் கைபிடியில் தொங்கும். வெளிநாட்டவர் கந்தோர்க் கடிதம், சோசியல் கந்தோர்க் கடிதம், வக்கீலின் கடிதம், நகரத்தைவிட்டு வெளியே போவதற்கு வாங்கிய அனுமதித் துண்டு, எல்லாம் அதற்குள்ளே. யாருக்காவது அழைப்பு வந்தால் பையை மெத்தையில் கொட்டிக் கிண்டுவோம். ஒருவர் பெயரை மற்றவர் பெயராக வாசித்ததும் உண்டு; எங்கள் பெயர்களை இந்த நாட்டவர் எழுதிய விதத்தில் அது பெரிய பிழையும் அல்ல.

ஒருமுறை நிராகரிப்புக் கடிதம் வந்தது. கடிதத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது கடிதத்தை அல்ல. "உறை எங்கே?" தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த நாளைக் கையால் எழுதுவது உறையின் மேலேதான். மேன்முறையீட்டுக்கான நாட்கள் அந்த நாளிலிருந்துதான் ஓடும். உறையை நாங்கள் குப்பைக்குள் போட்டிருந்தோம். நாலு பேரும் முற்றத்துக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடி எடுத்தோம். பருப்பு ஒட்டியிருந்தது. கெல்சன்கிர்ஷன் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போன எங்கள் வழக்கில் அந்தப் பருப்புக் கறையும் இன்றுவரை எங்கேயோ இருக்கவேண்டும். இந்த நாட்டில் உறையும் ஒரு கடதாசி என்று அன்றைக்குப் படித்தோம்.

கலியாணத்தின்பின் போர்சிக்பிளாட்ஸ் பக்கம் இரண்டு அறை வீடு கிடைத்தது. கீழ் வீட்டில் ஒரு கிழவி. புருஷன் ஹோயெஷ் கம்பனியின் வெஸ்ற்பாலன்ஹ்யூற்ற உருக்கு ஆலையில் வேலை செய்து இறந்தவர். ஒருநாள் அவருக்குத் தபால் மாறி எங்கள் கடிதம் போய்விட, அதைத் தர மேலே ஏறி வந்தவர் கதவுக் கைபிடியில் தொங்கிய பையைக் கண்டார். என்ன இது என்று கேட்டார். கடதாசிகள் என்றோம். ஜேர்மன்காரர் எல்லோரும் சொல்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கும் அந்த ஒழுங்கு பற்றிய வாசகத்தை அவர் சொல்லவில்லை. "இது தொலைந்தால் உங்களிடம் ஒன்றுமே இல்லை" என்றார். இறங்கிப் போய், சாம்பல் நிறத்தில் மேகம் பரந்ததுபோன்ற மட்டை போட்ட பழைய ஓர்ட்னர் ஒன்றையும் துளை போடும் கருவியையும் கொண்டுவந்தார். மேசையில் வைத்து, தாளின் இடது ஓரத்தைப் பாதியாக மடித்து நடுவில் சிறிய அடையாளம் பண்ணி, கருவியின் அம்புக்குறியில் அதைப் பொருத்தி, ஒரே அமுக்கு. இரண்டு ஓட்டை. எங்கள் முதல் பாடம்.

முதுகில் ஒட்டியிருந்த தாளில் அவருடைய புருஷனின் கையெழுத்து: "சம்பளம் 1961–1968". அதை நாங்கள் கிழிக்கவில்லை. பல வருடம் எங்கள் அகதி விண்ணப்பம் ஓர் உருக்குத் தொழிலாளியின் சம்பளப் பெயரின் கீழ்தான் இருந்தது. அந்த ஆலையில் உருக்கு வார்ப்பது 2001 இல் நின்றது. ஓர்ட்னர் இன்னும் இருக்கிறது. எட்டில் முதலாவது அதுதான்.

துளை போடும் கருவியின் கதையைப் பிறகு தேடி அறிந்தோம். பிரீட்றிஷ் சொயெனெக்கன் என்பவர் 1886 நவம்பர் 14 இல் அதற்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். பொன் நகரில் தொழிற்சாலை வைத்திருந்தாலும் அவர் பிறந்தது இசர்லோன் பக்கம், டோர்ட்மண்டிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. கொல்லனின் மகன். நெம்புகோல் வைத்த ஓர்ட்னரைப் பிரபலமாக்கியவர் ஸ்ருட்காட்டில் 1871 இல் பட்டறை தொடங்கிய லூயிஸ் லைட்ஸ். முதுகில் விரல் ஓட்டை 1911 இல்தான் வந்ததாம். விரல் விட ஓர் ஓட்டை போடுவதற்கு இத்தனை வருடம் எடுத்தார்கள் என்பது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாளின் அளவு 1922 இல் டின் 476 என்ற விதியால் தீர்மானமானது. வால்ற்றர் போர்ஸ்ற்மன் என்பவரின் வேலை. ஏ4 என்றால் 210க்கு 297 மில்லிமீற்றர். இரண்டு ஓட்டைக்கும் இடையில் 80 மில்லிமீற்றர். எந்தக் கந்தோரின் தாளும் எந்தக் கடையின் ஓர்ட்னருக்குள்ளும் போகும். அகதிக்கும் அதே 80 மில்லிமீற்றர்தான். வேறு எதில் எங்களைச் சமமாக நடத்தினார்களோ தெரியாது, இதில் நடத்தினார்கள்.

இரண்டு ஓட்டை என்பது எங்களுக்குப் புதிதா என்றால், இல்லை. ஏட்டுச் சுவடிக்கும் இரண்டு துளைதான். ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்ற குச்சி. மேலும் கீழும் மரச் சட்டம். எழுதுகிறவன் துளைக்கு இடம் விட்டே எழுத்தாணியை ஓட்டுவான். அப்படிக் கட்டிவைத்தும் என்ன நடந்தது என்பதைச் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் பதிப்பித்த கலித்தொகையின் பதிப்புரையில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். பூச்சியும் காலமும் தின்றதுபோக மிச்சமாக யாழ்ப்பாணத்தில் சேர்ந்திருந்ததில் எவ்வளவோ 1981 யூனில் நூலகத்தோடு எரிந்தது. 97,000 நூல்களும் சுவடிகளும் என்பார்கள். இதை நினைத்தால் ஓர்ட்னர் வாங்கும் கடையில் நிற்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.

கடை என்றதும் நினைவு வருகிறது. முதல் முதல் சொந்தமாக ஓர்ட்னர் வாங்க வெஸ்ரன்ஹெல்வெக்கில் கார்ஸ்ரட்டின் எழுதுபொருள் பகுதிக்குப் போனோம். இத்தனை வகை இருக்கும் என்று கிழவி சொல்லவில்லை. முதுகு 8 சென்ரிமீற்றர் உள்ளது. அதில் 600 தாள் அளவு அடங்கும். 5 சென்ரிமீற்றர் உள்ளதில் 350 வரை. நெம்புகோல் இல்லாத வளையக் கோவை, பள்ளிப் பிள்ளைகளுக்கு. தகரநாக்கு இரண்டை மடிக்கும் மெல்லிய கோவை, ஒரே ஒரு விடயத்துக்கு. தாள்களைத் துளையிட்டு ஒரு சிறு பட்டியில் கோத்து, அந்தக் கட்டை அப்படியே ஓர்ட்னருக்குள் போடும் பட்டி. எங்களுக்குப் பிடித்தது இந்தப் பட்டிதான். விலையும் சில்லறைக் காசு. வழக்கு ஒரு பட்டி, சோசியல் ஒரு பட்டி, வீட்டு வாடகை ஒரு பட்டி. கந்தோருக்குப் போகும்போது வேண்டிய பட்டியை மட்டும் கழற்றிக் கொண்டு போகலாம். முழு ஓர்ட்னரையும் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தால் எதிரே இருப்பவரின் முகம் மாறும். இவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று. சில நேரம் அதுவும் தேவைதான்.

அகலமான முதுகுள்ளதை வாங்காதீர்கள் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லுவோம். நிறைய இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அடைவீர்கள். 600 தாள் நிரம்பியபின் வளைவு சரியாகப் பூட்டாது. பூட்டாத வளைவின் இடுக்கால் நழுவுவது எப்போதும் முக்கியமான தாள்தான்.

எங்களுக்குள் ஒரு சண்டையும் இருந்தது. புதிய கடிதம் மேலே வரவேண்டுமா, கீழே வரவேண்டுமா? இது சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் ஒரே ஓர்ட்னரை இன்னொருவரோடு பங்கிட்டு வாழாதவர்கள். இந்த நாட்டில் இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். புதியது மேலே வந்தால் வணிகர் முறை. பழையதில் தொடங்கிப் புத்தகம்போல் வாசித்துக்கொண்டு போனால் அலுவலக முறை. எங்களில் ஒருவர் வணிகர், மற்றவர் அலுவலகம். ஒரு பட்டியின் பாதி ஒரு முறையிலும் மீதி மற்ற முறையிலும் இருந்ததை இந்த வாரம்தான் கண்டு சிரித்தோம். அப்போது சிரிக்கவில்லை.

அலுவலக முறைக்காரருக்கு ஆதரவாக ஐயா இருந்தார். எங்களில் ஒருவருக்கு ஐயா, மற்றவருக்கு மாமா. யாழ்ப்பாணம் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். கச்சேரியில் துளை போடும் கருவியும் இல்லை, நெம்புகோலும் இல்லை. தாளின் இடது மேல் மூலையில் ஊசியால் குத்தி, இரண்டு முனையிலும் சிறு தகரக் கட்டை வைத்த பச்சை நூலைக் கோத்துவிடுவார்கள். ராக் என்று சொல்வது. அது இல்லாவிட்டால் குண்டூசி. வீட்டுக்கும் அவர் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். எங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இலக்கம் போட்டார். "உங்களின் 12 ஆம் இலக்கக் கடிதம் கிடைத்தது. 11 இன்னும் வரவில்லை" என்றுதான் தொடங்குவார். 1 இலிருந்து 214 வரை. தபாலை நம்ப முடியாத ஊரில் இதுதான் வழி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் 19 இலிருந்து 24 வரை இல்லை. அது 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி, வலிகாமம் வடக்கிலிருந்த வீட்டை விட்டு அவர்கள் வெளிக்கிட்ட காலம். 118 இலிருந்து 121 வரை இல்லை. அது 1995 ஒக்ரோபர் 30 க்குப் பின், வலிகாமம் முழுவதுமே வெளிக்கிட்டபோது. வராத கடிதங்களில் என்ன எழுதியிருந்தார் என்று பிறகு கேட்டோம். "எல்லாம் சுகம் எண்டுதான் எழுதியிருப்பன்" என்றார்.

இந்தக் கடிதங்களைத் துளையிடலாமா என்பதுதான் எங்கள் வீட்டில் தீராத கேள்வியாக இருந்தது. ஒருநாள் மாலை 1 ஆம் இலக்கத்தைக் கருவியில் வைத்தோம். அமுக்கமுன் பார்த்தால், ஓட்டை விழும் இடத்தில் எழுத்து. தாளைத் திருப்பி வைத்தோம், அங்கேயும் எழுத்து. ஜேர்மன் கந்தோர்க் கடிதத்தில் இடது பக்கம் இரண்டரைச் சென்ரிமீற்றர் சும்மா விட்டிருப்பார்கள். ஓட்டைக்காகவே விட்ட இடம். நடுவில் துளை போட ஒரு சின்னக் கோடுகூட அச்சடித்திருப்பார்கள். கடிதம் எழுதமுன்னமே அது எந்தக் கோவைக்குள் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐயா விளிம்பு விட்டு எழுதுகிறவர் இல்லை. ஆகாயத் தபால் நீலத் தாள் என்றால் மடிப்பு ஓரம் வரை எழுதுவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் தாள் கிடைக்காமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் எழுதினார். கோடுகளுக்கு இடையிலும் ஒரு வரி. ஒரு மில்லிமீற்றர் வெள்ளைகூட வீணாகவில்லை. அதில் 6 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு ஓட்டை போட்டால் ஒவ்வொரு கடிதத்திலும் நாலைந்து சொல் போகும். ஓட்டையிலிருந்து விழும் வட்டத் துண்டுகளைக் கருவியின் வயிற்றில் சேர்த்துவைத்தாலும் திரும்ப ஒட்ட முடியாது.

அதனால் கிளிப் வாங்கினோம். அதிலும் தெரிவு இருந்தது. வளைத்த கம்பிக் கிளிப், நூறு ஒரு பெட்டியில், ஆக மலிவானது. நிறப் பிளாஸ்ரிக் பூசியது கொஞ்சம் விலை. கறுப்பு இரும்பில் முக்கோணமாக இருந்து இரண்டு காதை மடித்துக் கொள்ளும் பெரிய கிளிப் இன்னும் விலை. இந்தக் கடைசிக் கிளிப்பை 1910 இல் வாஷிங்ரனில் லூயிஸ் பால்ட்ஸ்லி என்பவர் தன் தகப்பனுக்காக உண்டாக்கினாராம். தகப்பன் எழுத்தாளர், தாள்களை ஊசியும் நூலும் கொண்டு தைத்து வைப்பாராம், ஒரு தாளை இடையில் சேர்க்கவேண்டுமானால் முழுத் தையலையும் பிரிக்கவேண்டும். அந்தத் தகப்பனையும் எங்கள் ஐயாவையும் ஒரு கந்தோரில் இருத்தியிருந்தால் நன்றாகப் பொருந்தியிருக்கும். நாங்கள் வாங்கியதோ மலிவானதை. பத்துப் பத்துக் கடிதமாகக் கிளிப் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் அடுக்கி, நிலக்கீழ் அறையில் வைத்தோம். இந்த நகரின் பழைய வீடுகளின் நிலக்கீழ் அறைகள் ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்தவை. ஈரம் சுவரிலிருந்து வரும். கம்பி என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை.

1999 நவம்பர் 19 இல் மாநில உள்துறை அமைச்சர்களின் மாநாடு ஒரு முடிவு எடுத்தது. பிள்ளைகள் உள்ள, 1993 யூலை 1 க்கு முன் நாட்டுக்குள் வந்த, தங்கள் உழைப்பில் வாழும் குடும்பங்களுக்கு வேறு நிபந்தனைகளும் பொருந்தினால் வதிவிட அனுமதி கொடுக்கலாம் என்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிய டுல்டுங் தாளோடு பத்து வருடம் போனவர்களுக்கு அது என்ன செய்தி என்று இங்கே எழுதவேண்டியதில்லை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவருக்குச் சமையலறை வேலை, மற்றவருக்குத் துப்புரவு வேலை. எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. இரண்டாவதாக வந்தவரின் வருகைத் திகதி கந்தோரின் பதிவில் 1993 ஓகஸ்ற் என்று இருந்தது. அவர் முதலில் வேறு ஊர் முகாமில் பதியப்பட்டு, டோர்ட்மண்டுக்கு மாறிய மாதம் அது. முகாமில் கொடுத்த முதல் தாளைக் காட்டுங்கள் என்றார்கள். முதல் தாளை இரண்டாவது தாள் தந்தபோது திருப்பி வாங்கியவர்கள் அதே கந்தோர்க்காரர்தான். இதைச் சொன்னால் "அப்போ பிரதி எடுத்திருப்பீர்களே" என்றார்கள். முகாமில் எடுப்பித்துத் தருமாறு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

மூன்று ஓர்ட்னர் அப்போது. மூன்றையும் தாள் தாளாகப் புரட்டினோம். இரண்டு இரவு. பிள்ளைகள் நித்திரையானபின் தொடங்கி விடியும்வரை. உறைகளுக்குள்ளும் பார்த்தோம். எங்கள் ஒழுங்கில் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. துளையிட்டது எதுவும் தொலைந்திருக்கவில்லை. ஆனால் அது அங்கே இல்லை.

மூன்றாம் நாள், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், நிலக்கீழ் அறைக்குப் போய் ஐயாவின் கடிதப் பெட்டியைத் திறந்தோம். தேடிப் போகவில்லை. வாசிக்கப் போனோம் என்றே இருவருக்கும் நினைவு. 61 ஆம் இலக்கத்தில், வந்துசேர்ந்த செய்தி கிடைத்ததும் அவர் எழுதிய கடிதத்தின் பின்னால், கையளவு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முகாமில் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுப்பார்களே, அதற்கான துண்டு. பெயர், பிறந்த திகதி, முத்திரை, 1992 ஒக்ரோபர். ஓட்டை போடுவதற்கும் அளவு போதாத துண்டு என்பதால் அது எந்த ஓர்ட்னருக்கும் போகவில்லை. அதை ஏன் அந்தக் கடிதத்தோடு கிளிப் போட்டோம், எங்களில் யார் போட்டது என்பது இன்றுவரை தெரியாது. கிளிப் துருப்பிடித்து இரண்டையும் ஒட்டவைத்திருந்தது. பிரித்தபோது துண்டின் மூலை கொஞ்சம் கிழிந்தது. முத்திரை கிழியவில்லை. கந்தோரில் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, உள்ளே கொண்டுபோய், நெடுநேரம் கழித்துக் கொண்டுவந்து தந்தார்கள். ஏற்றுக்கொண்டார்கள். 2000 ஆம் ஆண்டு வசந்தத்தில் எங்கள் கடவுச்சீட்டில் அந்த முத்திரை விழுந்தது.

ஐயாவின் 61 ஆம் கடிதத்தில், இலக்கத்துக்கு மேலேயே, கிளிப்பின் வடிவம் மண்ணிறத்தில் பதிந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு எல்லாக் கம்பிக் கிளிப்பையும் கழற்றினோம். கழற்றும்போது இழுக்கக் கூடாது. கத்தி நுனியால் ஒரு காலை மெல்லத் தூக்கி விலக்கவேண்டும். இன்று கடிதங்கள் கிளிப் இல்லாமல், இலக்க வரிசையில், பத்துக்கு ஒரு கடதாசி உறை. வராத இலக்கங்களுக்கும் இடம் விட்டு வெறும் உறை வைத்திருக்கிறோம்.

பிளாஸ்ரிக் உறைகளைப் பற்றியும் ஒரு சொல். துளையிட விரும்பாததை ஒளி தெரியும் உறைக்குள் போட்டு உறையையே ஓர்ட்னரில் கோக்கலாம். வசதிதான். ஆனால் 1990களில் நாங்கள் மலிவாக வாங்கியவை மென்மையான, ஒருவித மணம் வீசும் உறைகள். 1993 இலிருந்து 1995 வரையான சம்பளத் துண்டுப் பிரதிகளை அவற்றில் போட்டிருந்தோம். ஓய்வூதியக் கணக்கில் அந்த மாதங்கள் பதியப்படவில்லை என்று அறிந்து எடுக்கப் போனால், எழுத்தில் பாதி தாளில், பாதி உறையின் உட்புறத்தில். அந்த வகைப் பிளாஸ்ரிக்கில் உள்ள மென்மையாக்கி பிரதி மையை இழுத்துவிடுமாம். தாளை உறைக்குள்ளேயே வைத்துப் பார்த்தால்தான் வாசிக்கலாம், வெளியே எடுத்தால் இல்லை. உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டு, உறையோடு வைத்துப் பிரதி எடுத்தார். வாங்கும்போது பெட்டியில் "டொகுமென்டன்எஹ்ட்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதேபோல், தமிழ்க் கடைகளில் வாங்கிய பக்ஸ் தாள்கள், அந்த மினுங்கும் சுருள் தாள்கள் இருந்தால் இன்றே பிரதி எடுங்கள். எங்கள் வக்கீல் அனுப்பிய ஒன்பது பக்கம் இப்போது ஒன்பது வெள்ளைத் தாள். அவற்றை ஏன் இன்னும் கோத்து வைத்திருக்கிறோம் என்று மகள் கேட்டாள். வரிசையில் அவை வருகின்றன, அவ்வளவுதான்.

2003 கோடையில், போர்நிறுத்தக் காலத்தில், பிள்ளைகளோடு ஊருக்குப் போனோம். ஐயா அப்போது வாடகை வீட்டில், யாழ்ப்பாண நகருக்குள். புறப்படும் முதல்நாள் இரவு தகரப் பெட்டியைத் திறந்து காணி உறுதிகளை எடுத்தார். 1990 இலும் 1995 இலும் இரண்டுமுறை தலையில் சுமந்து போனவை. கொடுக்கமுன் கேட்டார்:

"உங்கை கடுதாசியளை எப்பிடி வைச்சிருக்கிறியள்?"

ஓர்ட்னரைப் பற்றி விளக்கினோம். நெம்புகோலைக் கையால் காட்டினோம். கவனமாகக் கேட்டார்.

"ஓட்டை போடுறதோ? எழுத்திலையோ?"

விளிம்பில் என்றோம்.

"உறுதியிலை ஓட்டை போட்டிடாதையுங்கோ. குண்டூசி காணும்" என்றார். அடுத்த வருடம் இறந்துபோனார். 214 ஆம் கடிதம் நாங்கள் போய் வந்தபின் எழுதியது. பெட்டிகள் சேர்ந்தனவா என்று கேட்டிருந்தார்.

நாங்கள் ஓட்டை போடவில்லை. ஆனால் உறுதியோ புல்ஸ்காப் தாள், 13 அங்குலத்துக்கு மேல் நீளம். ஏ4 இன் 297 மில்லிமீற்றர் 12 அங்குலம்கூட இல்லை. எந்த ஓர்ட்னருக்குள் வைத்தாலும் நாலு விரல் வெளியே நீட்டும், நீட்டும் பகுதி கசங்கும். போர்ஸ்ற்மனின் கணக்கில் எங்கள் காணிக்கு இடம் இல்லை. மூன்றாக மடித்து உறையில் போட்டு, ஐயா குத்திய குண்டூசியையும் மரியாதைக்காக அப்படியே விட்டோம். 61 ஆம் கடிதத்தில் படித்த பாடத்தை அங்கே மறந்தோம்.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடப்பட்டது. அதன்பின் எங்கள் பக்கத்துக் காணிக்காரரும் பெயர் பதியலாம் என்று மைத்துனர் ரெலிபோன் எடுத்தார். உறுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். விரித்தோம். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எல்லைகள் தெளிவாக இருந்தன. யார் யாருடைய காணி என்று பெயர் பெயராக, அவர்களில் ஒருவரும் இன்று ஊரில் இல்லை. எட்டுப் பரப்பு என்பதும் தெரிந்தது. அதற்கு அடுத்த குழிக் கணக்கு இருந்த இடத்தில்தான் குண்டூசி. துரு அந்த இலக்கத்தைத் தின்று, விரல் பட்டதும் உதிர்ந்து, ஒரு சின்னத் துளை. ஓட்டை போடாதே என்றவரின் உறுதியில் அவருடைய குண்டூசியே ஓட்டை போட்டிருந்தது.

காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்றார்கள். மைத்துனர் அலைந்து எடுத்தார். பதிவில் ஏழு குழி என்று இருந்தது. ஐயா வாழ்நாள் முழுக்க எட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் திரும்ப வந்தபோது ஸ்கான் பண்ண இணங்கினோம். மூன்று சனிக்கிழமை இருந்து செய்தாள். வாடகை, மின்சாரம், முடிந்துபோன காப்புறுதி என்று இரண்டு ஓர்ட்னர் நிறையக் கடதாசி போய்விட்டது. எங்களுக்கும் பாரம் குறைந்தது. கடிதங்களைத் தொட்டு எடுக்கும்போது அவளாகவே கையைக் கழுவிக்கொண்டு வந்ததைக் கண்டோம். உறுதியின் குண்டூசியைக் கழற்றியவளும் அவள்தான். அதை எறியவில்லை, தனி உறையில் போட்டு "தாத்தாவின் குண்டூசி" என்று ஜேர்மனில் எழுதியிருக்கிறாள்.

உறுதிகளுக்கு நீளமான மட்டைப் பெட்டி ஒன்று வாங்கினோம். மடிக்காமல், கோக்காமல், குத்தாமல் நேராகக் கிடத்தி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டியிருக்கிறோம். பெட்டி அலுமாரித் தட்டின் ஆழத்தைவிட இரண்டு விரல் அதிகம். கதவு மூடாது. கதவைக் கழற்றி நிலக்கீழ் அறையில் சாத்தி வைத்திருக்கிறோம்.